மெஸ்கெட்டிக்குத் திரும்பக் கடைசித் தேதி வேண்டாம்: ஜார்ஜிய நாடாளுமன்றத்துக்கு ஒரு திறந்த மடல்

மதிப்புக்குரிய ஜார்ஜிய நாடாளுமன்ற உறுப்பினர்களுக்கு,

வணக்கம்.

2007 ஜூலை 11 அன்று உங்கள் அவை ஒரு சட்டம் இயற்றியது. 1940களில் சோவியத் ஆட்சி ஜார்ஜியாவிலிருந்து பலவந்தமாக வெளியேற்றிய மக்கள் நாடு திரும்புவதற்கான சட்டம். தென் ஜார்ஜியாவின் மெஸ்கெட்டிப் பகுதியில் வாழ்ந்த முஸ்லிம்களைப் பற்றித்தான் இங்கே பேசுகிறேன், அவர்களை மெஸ்கெட்டியர் என்று குறிப்பிடுகிறேன். அதன்படி விண்ணப்பிக்கும் காலம் 2010 ஜனவரி 1-ஆம் தேதியோடு முடிந்துபோனது. கஜகஸ்தானில் இருக்கும் ஒருவர் இன்றைக்கு எழுதி, "என் அம்மா அடிகேனி பக்கத்துக் கிராமத்தில் பிறந்தவர், நாங்கள் திரும்பி வர ஆசைப்படுகிறோம்" என்று கேட்டால், அந்தச் சட்டத்தில் அவருக்கு இடம் இல்லை. அந்தக் கடைசித் தேதியை நீக்கிவிடுங்கள் என்று கேட்பதற்காகத்தான் இந்த மடல்.

நான் தமிழ்நாட்டுக்காரன். வேலைக்காக வந்து திபிலீசியில் குடியிருக்கிறேன். உங்கள் குடிமகன் இல்லை, எனக்கு இங்கே ஓட்டு கிடையாது. ஆனால் விருந்தாளி கடவுளிடமிருந்து வருகிறவர் என்று சொல்லும் மக்களின் வீடுகளில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறேன். அந்த அன்பை நம்பித்தான் எழுதுகிறேன். தமிழில் எழுதுவதற்கும் காரணம் உண்டு. ஆயிரக்கணக்கான இந்தியப் பிள்ளைகள் உங்கள் பல்கலைக்கழகங்களில் மருத்துவம் படிக்கிறார்கள். அவர்களில் தமிழ்ப் பிள்ளைகளும் நிறைய. விடுமுறை நாட்களில் மெஸ்கெட்டியில் இருக்கும் வார்ட்சியா குகைகளையும் ராபாத்தி கோட்டையையும் பார்த்துவிட்டுப் படம் எடுத்துக்கொண்டு வருகிறார்கள். அந்த மண்ணில் யார் யார் வாழ்ந்தார்கள், யார் இன்று அங்கே இல்லை என்பது அவர்களுக்கும் ஊரில் இருக்கும் அவர்கள் பெற்றோருக்கும் தெரிய வேண்டும். உங்களுக்குத் தெரிந்த சில விஷயங்களை அவர்களுக்காக விரித்துச் சொல்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

திபிலீசியின் திதுபே நிலையத்தில் மர்ஷ்ருத்கா வேனில் ஏறினால், போர்ஜோமி பள்ளத்தாக்கில் பைன் மரக் காடு. அதைத் தாண்டியதும் நிலம் சட்டென்று திறந்துகொள்கிறது. மொட்டை மலைகள், கீழே ம்ட்க்வாரி ஆறு, ஆற்றோரம் பழத்தோட்டங்கள். இதுதான் மெஸ்கெட்டி. தெற்கே துருக்கி எல்லை, கிழக்கே ஜவகேட்டி மேட்டுநிலம், தலைநகர் அகால்ட்சிகே. இந்தப் பகுதி மக்களைத்தான் பழைய கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் மோஸ்கோய் என்று குறித்தார் என்பார்கள் அறிஞர்கள். அவ்வளவு பழைய பெயர்.

ஜார்ஜியாவின் பொற்காலம் என்று நீங்கள் கொண்டாடும் 12-ஆம் நூற்றாண்டு இந்த மண்ணில்தான் கல்லில் நிற்கிறது. மூன்றாம் கியோர்கி மன்னர் தொடங்கி, அவர் மகள் தாமார் அரசி விரிவாக்கிய வார்ட்சியா, ஒரு மலைமுகத்தைக் குடைந்து அடுக்கடுக்காக எழுப்பிய மடம். அதன் கோயில் சுவரில் தந்தையும் மகளும் ஓவியமாக நிற்கிறார்கள். 1283-ல் வந்த நிலநடுக்கத்தில் மலையின் வெளிமுகம் சரிந்து விழுந்ததால்தான் இன்று அறைகள் எல்லாம் வெளியே திறந்து தெரிகின்றன. உங்கள் பெருங்கவிஞர் ருஸ்தவேலியும் இந்தப் பக்கத்தவர்தான். அவருடைய காப்பியத்தின் இறுதிப் பாடல்களில் மெஸ்கெட்டிப் பாவலன் என்ற குறிப்பு வருகிறது. அந்தக் காப்பியத்தில் புலித்தோல் போர்த்தித் திரியும் தாரியேல் ஓர் இந்திய இளவரசன், அவன் தேடும் நெஸ்தான் இந்திய மன்னனின் மகள். இந்தியாவைக் கண்ணால் பார்க்காத ஒரு கவிஞன் எங்கள் நாட்டான் ஒருவனின் கண்ணீரைத் தன் மொழியின் தலைசிறந்த பாட்டாக்கினான் என்பதை இங்கே வந்த பிறகுதான் அறிந்தேன். எனக்கு மெஸ்கெட்டி மீது பிடிப்பு வந்தது அங்கிருந்துதான்.

மங்கோலியர் வந்த பிறகு ஜாகேலி குடும்பத்தார் அதாபெக் என்ற பட்டத்தோடு இந்தப் பகுதியைக் கிட்டத்தட்டத் தனி நாடாகவே ஆண்டார்கள். சபாரா மடத்தின் ஓவியங்கள் அவர்கள் காலத்தவை. அப்புறம் உஸ்மானியப் பேரரசும் ஈரானின் சபாவியப் பேரரசும் ஜார்ஜியாவை இரண்டு பக்கமும் இழுக்கத் தொடங்கின. 1555-ல் அமாசியாவில் இருவரும் உட்கார்ந்து நாட்டைப் பங்கு போட்டார்கள். 1578-ல் உஸ்மானியப் படை மெஸ்கெட்டியைப் பிடித்தது. 1625-ல் பெக்கா ஜாகேலி இஸ்லாத்தைத் தழுவி சபர் பாஷா ஆனார். நேற்று வரை அதாபெக்காக இருந்த அதே குடும்பம், அதே அகால்ட்சிகேயில், இப்போது பாஷாக்களாக இரண்டு நூற்றாண்டுக்கு மேல் ஆண்டது. மக்களும் மெல்ல மெல்ல மாறினார்கள். வரி ஒரு காரணம், நில உரிமை ஒரு காரணம், திருமணம் ஒரு காரணம், சிலருக்கு நம்பிக்கையே காரணம். ஒரே கிராமத்தில் ஒரு வீடு முஸ்லிம், அடுத்த வீடு கத்தோலிக்கர், அதற்கடுத்தது பழைய மரபுக் கிறிஸ்தவர் என்று இருந்த இடம் அது. துருக்கியப் பேச்சு பரவியது. கிழக்கு அனடோலியாவிலிருந்து வந்து குடியேறியவர்களும் உண்டு.

1828-ல் ருஷ்யப் படை அகால்ட்சிகேயைக் கைப்பற்றியது. அடுத்த ஆண்டு எதிர்னே ஒப்பந்தத்தில் சுல்தான் அதை விட்டுக்கொடுத்தார். நிறைய முஸ்லிம்கள் எல்லை தாண்டிப் போனார்கள். எர்சுரூம் பக்கத்திலிருந்து ஆர்மீனியக் குடும்பங்கள் வந்து இங்கேயும் ஜவகேட்டியிலும் குடியேறின. 1840களில் ஜார் மன்னர் நாடு கடத்திய துகோபோர் என்ற ருஷ்யச் சமயப் பிரிவினர் ஜவகேட்டியின் குளிரில் ஊர்களை உருவாக்கினார்கள். போர் வேண்டாம் என்று 1895-ல் தங்கள் ஆயுதங்களைக் குவித்துக் கொளுத்தியவர்கள் அவர்கள். அகால்ட்சிகேயில் யூதர்கள் 1863-ல் கட்டிய தொழுகைக்கூடம் இன்றும் நிற்கிறது. குர்துகள், கிரேக்கர்கள், இஸ்லாத்துக்கு மாறிய ஆர்மீனிய வழியினரான ஹெம்ஷின்கள் எல்லோரும் இந்தச் சின்ன நிலத்தில் இருந்தார்கள்.

இந்த மக்கள் வாழ்ந்த வீடுகளைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லாமல் என்னால் தாண்டிப் போக முடியவில்லை. தார்பாசி என்பது மெஸ்கெட்டியின் பழைய வீடு. பாதி மலைச்சரிவுக்குள் புதைந்திருக்கும். மேலே மரக்கட்டைகளை வட்டம் வட்டமாகக் குறுக்கிக்கொண்டே போய் நடுவில் ஒரு திறப்பு விட்டிருப்பார்கள், வெளிச்சம் வரவும் புகை போகவும் அது ஒன்றுதான் வழி. கூரையைத் தாங்குகிற நடுத்தூண் செதுக்கு வேலைப்பாடு கொண்டது, அதைத் தாய்த்தூண் என்கிறார்கள். சரிவுகளில் கல்வரப்பு அடுக்கிப் படிப்படியாகத் திராட்சை போட்டிருந்தார்கள், வாய்க்கால் வெட்டித் தண்ணீர் கொண்டுவந்தார்கள். இன்று உங்கள் திராட்சை விவசாயிகள் காட்டுக்குள் மரங்களில் படர்ந்துகிடக்கும் பழைய மெஸ்கெட்டிக் கொடிகளைத் தேடி எடுத்துப் புதிதாக நடுகிறார்கள். பாராட்ட வேண்டிய வேலை. ஆனால் அந்த வரப்புகளும் வாய்க்கால்களும் கவனிக்க ஆளில்லாமல் பாழான கதையில் 1944 ஒரு பெரிய அத்தியாயம்.

1944 ஜூலை 31 அன்று ஸ்டாலின் கையெழுத்திட்ட 6279-ஆம் எண் ரகசிய ஆணை வந்தது. அகால்ட்சிகே, அடிகேனி, அஸ்பின்ட்சா, அகால்கலாகி, போக்தனோவ்கா வட்டாரங்களிலும் கருங்கடலோர அஜாராவிலும் இருந்த துருக்கியர், குர்துகள், ஹெம்ஷின்கள் அனைவரையும் மத்திய ஆசியாவுக்கு அனுப்பு என்பது ஆணை. கஜகஸ்தானுக்கு 40,000, உஸ்பெகிஸ்தானுக்கு 30,000, கிர்கிசியாவுக்கு 16,000 என்று முன்கூட்டியே பிரித்து எழுதியிருந்தார்கள். காலியாகும் வீடுகளில் 7,000 விவசாயக் குடும்பங்களைக் கொண்டுவந்து வைக்க வேண்டும் என்பதும் அதே ஆணையில் இருந்தது. நவம்பர் 14-ஆம் தேதி இரவு விடியும் முன்பே அமெரிக்க ஸ்டூடிபேக்கர் லாரிகள் கிராமங்களுக்குள் வந்து நின்றன. இரண்டு மணி நேரம், மூன்று மணி நேரம், அவ்வளவுதான் அவகாசம். வயதுவந்த ஆண்களில் பெரும்பாலோர் சோவியத் ராணுவமான செம்படையில் சேர்ந்து ஹிட்லரோடு போரிட்டுக்கொண்டிருந்தார்கள். வீட்டில் இருந்தவர்கள் பெண்களும் கிழவர்களும் குழந்தைகளும்.

போர்ஜோமியிலிருந்து வாலே வரைக்கும் ஒரு ரயில் பாதை அந்த வருடம்தான் முடிந்திருந்தது. போட்டவர்களில் இந்த ஊர் மக்களும் உண்டு. போர்க்கால வேலை என்று சொல்லி அவர்களை மண் சுமக்க வைத்தார்கள். அந்தப் பாதையிலேயே, மாடு ஏற்றும் பெட்டிகளில், அவர்களை ஏற்றி அனுப்பினார்கள். பயணம் வாரக்கணக்கில் நடந்தது. குளிரும் டைபஸ் காய்ச்சலும் வழியிலேயே பலரைக் கொண்டுபோயின. இருநூறுக்கும் மேற்பட்ட கிராமங்களிலிருந்து தொண்ணூறாயிரம் பேருக்கு மேல் போனார்கள். புது இடத்தில் முதல் சில வருடங்களில் பல்லாயிரம் பேர் இறந்தார்கள். போர் முடிந்து பதக்கத்தோடு ஊர் திரும்பிய சிப்பாய் தன் வீட்டில் வேறு யாரோ இருப்பதைப் பார்த்தான். அவனையும் குடும்பம் இருக்கும் இடத்துக்குப் போ என்று அனுப்பிவிட்டார்கள். 1948-ல் வந்த ஆணை, இந்த நாடு கடத்தல் நிரந்தரம், குடியிருப்பை விட்டு ஓடினால் 20 வருடக் கடுங்காவல் என்றது.

இந்த மக்கள் மீது ஒரு குற்றச்சாட்டுகூடப் பகிரங்கமாக வைக்கப்படவில்லை என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். செச்சினியர்களையும் கல்மிக்குகளையும் துரோகிகள் என்று அநியாயமாகப் பழி சொல்லி அனுப்பினார்கள். மெஸ்கெட்டியருக்கு அந்தப் பொய்கூடத் தேவைப்படவில்லை, எல்லையோரம் இருந்ததே போதும் என்றானது. விளைவு என்ன என்றால், 1956-ல் சோவியத் தலைவர் குருஷ்சேவ் சில மக்களின் நாடு கடத்தலைக் கண்டித்துப் பேசியபோது இவர்கள் பெயர் வரவில்லை. 1957-ல் செச்சினியர்களும் இங்குஷ்களும் கல்மிக்குகளும் ஊர் திரும்பினார்கள். மெஸ்கெட்டியரைக் கண்காணிப்பிலிருந்து விடுவித்த 1956 ஏப்ரல் ஆணையோ, ஊருக்குப் போக உரிமை இல்லை, சொத்தைக் கேட்க உரிமை இல்லை என்றே சொன்னது.

அவர்கள் சும்மா இருக்கவில்லை. ஆசிரியரும் போர்வீரருமான என்வர் ஒதபாஷெவ் 1960களில் ஒரு குழு அமைத்து மாஸ்கோவுக்கும் திபிலீசிக்கும் மனு மேல் மனு கொண்டுபோனார். 1968 ஜூலையில் ஆயிரக்கணக்கானோர் மத்திய ஆசியாவிலிருந்து பயணம் செய்து வந்து திபிலீசியில் அரசு மாளிகை முன் கூடினார்கள். ஜார்ஜியாவுக்கு வர முடியாதவர்களில் பலர், கிட்டத்திலாவது இருக்கலாமே என்று அஜர்பைஜானின் சாத்லி, சபிராபாத் வட்டாரங்களுக்கு வந்து பருத்திக் காட்டில் வேலை செய்தார்கள். 1980களில் சில குடும்பங்களை உங்கள் நாட்டுக்குள் விட்டார்கள், ஆனால் மெஸ்கெட்டிக்குள் விடவில்லை. மேற்கு ஜார்ஜியாவின் குரியாவில் நசாகிராலி, இமெரெட்டியில் இயானெட்டி ஆகிய ஊர்களில் அவர்கள் குடியேறினார்கள்.

1989 ஜூனில் உஸ்பெகிஸ்தானின் பெர்கானா பள்ளத்தாக்கில் கும்பல்கள் இவர்கள் வீடுகளைக் கொளுத்தின. ஏறத்தாழ நூறு பேர் இறந்தார்கள். சோவியத் ராணுவம் சுமார் 17,000 பேரை விமானத்தில் ஏற்றி ருஷ்யாவுக்குக் கொண்டுபோனது. பல்லாயிரம் பேர் தாங்களாகவே கிளம்பினார்கள். ருஷ்யாவின் கிரஸ்னதார் பகுதிக்குப் போனவர்களுக்கு அங்கே வசிப்புப் பதிவு கொடுக்க மறுத்தார்கள். பதிவு இல்லாததால் வேலை இல்லை, திருமணத்தைப் பதிய வழியில்லை, வாங்கிய வீடு பேரில் இல்லை. ஒரு தலைமுறை அப்படியே எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் நின்றது. 2004-க்குப் பிறகு அமெரிக்கா அவர்களில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோரை அகதிகளாக ஏற்றுக்கொண்டது. இன்று ஒஹாயோ மாநிலத்தின் டேட்டன் நகரில் அவர்களுக்கென்று தெருக்கள் இருக்கின்றன. உக்ரைனில் தோனெத்ஸ்க் பக்கம் குடியேறியவர்கள் அங்கே போர் வந்ததும் 2015-ல் துருக்கியின் எர்சின்ஜானுக்கும் அக்லாத்துக்கும் போனார்கள். ஒரு குடும்பத்தில் தாத்தா அடிகேனியிலும் அப்பா பெர்கானாவிலும் மகன் ருஷ்யாவிலும் பேரன் அமெரிக்காவிலும் பிறந்திருப்பது இந்த மக்களிடையே அதிசயம் இல்லை. உலகெங்கும் இன்று நான்கு லட்சத்துக்கு மேல் இருப்பார்கள் என்று ஆய்வாளர்கள் கணிக்கிறார்கள். மெஸ்கெட்டியில் இருப்பவர்களோ விரல்விட்டு எண்ணத்தக்க குடும்பங்கள்.

சரி, உங்கள் சட்டத்துக்கு வருகிறேன். 1999 ஏப்ரலில் ஜார்ஜியா ஐரோப்பிய கவுன்சிலில் சேர்ந்தபோது ஒரு வாக்குறுதி தந்தது. இரண்டு வருடத்தில் சட்டம், மூன்று வருடத்தில் மக்கள் திரும்பத் தொடங்குவது, 12 வருடத்தில் முடிப்பது. சட்டமே எட்டு வருடம் கழித்துத்தான் வந்தது. ஆனாலும் வந்தது, அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. தான் செய்யாத குற்றத்துக்கு ஒரு சின்ன நாடு பொறுப்பேற்றது மரியாதைக்குரிய செயல். ஆணை மாஸ்கோவிலிருந்து வந்தது, நீங்கள் அப்போது சுதந்திர நாடாக இல்லை. ஆனால் விண்ணப்பம் எப்படி இருந்தது? ஜார்ஜிய மொழியில் அல்லது ஆங்கிலத்தில் மட்டும் நிரப்ப வேண்டும். இந்த மக்கள் பேசுவது துருக்கியம், படித்தது ருஷ்யன். நாடு கடத்தப்பட்டதற்கான சான்று, பிறப்புச் சான்று, எல்லாவற்றுக்கும் சான்றளித்த மொழிபெயர்ப்பு. மாட்டுப் பெட்டியில் ஏற்றப்பட்டவரிடம் பயணச் சீட்டைக் காட்டு என்று கேட்பதைப் போன்றது அது. கடைசியில் வந்து சேர்ந்தவை 5,841 விண்ணப்பங்கள். பெரும்பாலானவை அஜர்பைஜானிலிருந்து. அவற்றின் வழியாக நாடு திரும்புவோர் என்ற தகுதி பெற்றவர்கள் ஏறத்தாழ 2,000 பேர். நிபந்தனையோடு குடியுரிமை கிடைத்தவர்கள் ஐந்நூறுக்கும் குறைவு.

அந்த நிபந்தனை என்னவென்றால், முதலில் இப்போதிருக்கும் நாட்டின் குடியுரிமையைத் துறந்த சான்றைக் கொண்டுவர வேண்டும். இரண்டு தலைமுறையாக நாடில்லாமல் அலைந்த குடும்பத்தாரிடம், கையிலிருக்கும் ஒரே பாஸ்போர்ட்டை முதலில் கொடுத்துவிட்டு வா என்று சொன்னால் யாருக்குத் துணிச்சல் வரும்? அவர்கள் தயங்கியதை ஆர்வமில்லை என்று எழுதிக்கொண்டது நியாயம் இல்லை. நிலமோ வீடோ உதவித்தொகையோ சட்டத்தில் கிடையாது என்பதையும் சேர்த்துப் பாருங்கள். அத்தனைக்குப் பிறகும் 5,841 விண்ணப்பங்கள் வந்தன என்பதுதான் என்னை உலுக்குகிறது.

திபிலீசியில் இந்தப் பேச்சை எடுத்தால் இரண்டு கேள்விகள் வரும். முதலாவது, இவர்கள் யார்? இஸ்லாத்துக்கு மாறிய ஜார்ஜியர்களா, துருக்கியர்களா? அறிஞர்கள் இதைப் பற்றி நிறைய எழுதிவிட்டார்கள். அந்த மக்களே இரண்டு விதமாகவும் சொல்கிறார்கள். நசாகிராலியில் ஜார்ஜியக் குடும்பப் பெயரோடு வாழ்கிறவர்கள் தங்களை முஸ்லிம் மெஸ்கெட்டியர் என்கிறார்கள். அஜர்பைஜானிலும் துருக்கியிலும் இருப்பவர்கள் பெரும்பாலும் அஹிஸ்கா துருக்கியர் என்கிறார்கள், அஹிஸ்கா என்பது அகால்ட்சிகேயின் துருக்கியப் பெயர். ஒரே வேரில் பாதி துருக்கியின் கார்ஸ் பக்கத்திலும் பாதி சபாரா மடத்துப் பக்கத்திலும் இருக்கலாம். நான்கு நூற்றாண்டுக் கலப்பை யாராலும் பிரித்து எடுக்க முடியாது, எடுக்கவும் தேவையில்லை. ஸ்டாலினின் ஆணை அவர்களைப் பெயர் கேட்டு ஏற்றவில்லை. திரும்பி வருவதற்கும் அவர்கள் ஒரு பெயரை ஒப்புக்கொள்ள வேண்டியதில்லை. அவர்கள் பிறந்த இடம் அடிகேனி, அகால்ட்சிகே, அஸ்பின்ட்சா. அது போதும்.

இரண்டாவது கேள்விக்கு இன்னும் பொறுமை வேண்டும். அங்கே இப்போது வாழ்கிறவர்கள் என்ன ஆவார்கள்? மெஸ்கெட்டி இன்று அடங்கியிருக்கும் சம்த்ஸ்கே-ஜவகேட்டி மாகாணத்தில் 2014 கணக்கெடுப்பின்படி 1,60,504 பேர், பாதிக்குச் சற்று மேல் ஆர்மீனியர். அவர்களில் பலருடைய முன்னோர் உஸ்மானிய ஆட்சியில் உயிர் பிழைத்து வந்தவர்கள். துருக்கியர் என்ற சொல்லைக் கேட்டதும் அவர்கள் வீட்டுப் பாட்டிகள் சொன்ன 1915-ன் ஆர்மீனியப் படுகொலைகள் நினைவுக்கு வருவதை நான் புரிந்துகொள்கிறேன், அந்தப் பயத்தை யாரும் அலட்சியம் செய்யக்கூடாது. காலியான கிராமங்களில் குடிவைக்கப்பட்ட இமெரெட்டி, ராச்சா விவசாயிகளும் பலர் விரும்பி வந்தவர்கள் இல்லை. அதே ஆணையின் பேரில் அவர்களையும் லாரியில் ஏற்றித்தான் கொண்டுவந்தார்கள். வேறொருவர் அடுப்பு சூடு ஆறாத வீட்டில் இறங்கிய அவர்கள் பலர் தப்பி ஓடப் பார்த்தார்கள். மூன்று தலைமுறைக்குப் பிறகு அந்த வீடு அவர்களுடையது. அதை யாரும் கேட்கவில்லை, கேட்கவும் கூடாது. ஆனால் மெஸ்கெட்டியில் மலையோரக் கிராமங்கள் பல இன்று காலியாகிக்கொண்டே வருகின்றன. இளைஞர்கள் திபிலீசிக்கும் வெளிநாட்டுக்கும் போகிறார்கள். விவசாயம் தெரிந்த சில ஆயிரம் பேர் தங்கள் சொந்தப் பணத்தில் நிலம் வாங்கித் தங்க வந்தால் அதனால் யாருக்கும் இடம் குறையாது. இயானெட்டியிலும் நசாகிராலியிலும் பல பத்தாண்டுகளாக அண்டை வீட்டாரோடு சண்டையில்லாமல் வாழ்கிறார்கள், போய்ப் பாருங்கள்.

பயத்தைப் போக்கும் பொறுப்பு அரசுடையது. 2013 ஆகஸ்டில் அடிகேனி வட்டாரத்தின் செலா கிராமத்தில் மசூதிக் கோபுரத்தை அதிகாரிகள் இறக்கிக் கொண்டுபோனார்கள், சுங்கப் பிரச்சினை என்றார்கள். அந்தக் கிராமத்து முஸ்லிம்கள் அஜாராவின் மண்சரிவிலிருந்து வந்து குடியேறிய ஜார்ஜியர்கள். எதிர்ப்பு எழுந்த பிறகு சில மாதங்களில் கோபுரம் திரும்ப வந்தது. டேட்டனில் இருந்தோ சாத்லியில் இருந்தோ இதைப் பார்த்துக்கொண்டிருந்த மெஸ்கெட்டியருக்கு அந்தச் செய்தி என்ன சொல்லியிருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு நெருக்கமான விஷயம். 1990களின் தொடக்கத்தில் அப்காசியாவிலிருந்து இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் துரத்தப்பட்டார்கள், பெரும்பாலோர் ஜார்ஜியர்கள். 2008-ல் ருஷ்யாவோடு நடந்த போரில் தெற்கு ஒசேத்தியாவின் த்ஸ்கின்வாலி பக்கத்திலிருந்து இன்னும் பல்லாயிரம் பேர். அவர்களை நான் அறிவேன், திபிலீசியில் என் அக்கம்பக்கத்தில் இருக்கிறார்கள். அப்காசியாவின் தலைநகரான சுகுமியில் இருந்த வீட்டுச் சாவியை இன்னும் வைத்திருக்கிறார்கள். அவர்களுக்காக உங்கள் நாடு ஆண்டுதோறும் ஐக்கிய நாடுகள் பொதுச் சபையில் தீர்மானம் கொண்டுவருகிறது. அகதிகள் அனைவருக்கும், அவர்கள் பிள்ளைகளுக்கும், எந்த இனமாக இருந்தாலும், வீடு திரும்பும் உரிமை உண்டு என்று வாதாடுகிறது. எத்தனை வருடம் ஆனாலும் அந்த உரிமை காலாவதி ஆகாது என்பதுதான் உங்கள் நிலைப்பாடு. அது சரியான நிலைப்பாடு. அதை முழு மனதோடு ஆதரிக்கிறேன். நியூயார்க்கில் நீங்கள் சொல்லும் அந்த வாக்கியத்தையே திபிலீசியில் இந்தச் சட்டத்திலும் எழுதுங்கள். எழுதினால் சுகுமிக்காரர்களின் வழக்கும் வலுக்கும்.

இன்னொன்றும் உண்டு, அதில் என் நாடும் சம்பந்தப்பட்டிருக்கிறது. கிழக்கு ஜார்ஜியாவின் ககேட்டி நாட்டு அரசி கேத்தேவன் 1624-ல் ஈரானின் ஷிராஸில் அந்நாட்டு மன்னர் ஷா அப்பாஸின் ஆணையால் கொல்லப்பட்டார். அவருடைய எலும்புகளில் ஒரு பகுதியை அகஸ்தீனியத் துறவிகள் கோவாவுக்குக் கொண்டுவந்து தங்கள் மடத்தில் வைத்தார்கள். மடம் இடிந்து மண்மேடாகிப் போயிற்று. உங்கள் ஆட்கள் விடாமல் தேடிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் தொல்லியல் துறை தோண்டி எடுத்தது, ஹைதராபாத் ஆய்வுக்கூடம் மரபணுவைச் சோதித்தது. 2021 ஜூலையில் எங்கள் வெளியுறவு அமைச்சர் அதைத் திபிலீசியில் ஒப்படைத்தார். கிட்டத்தட்ட நானூறு வருடம் கழித்து ஓர் அரசியை வீட்டுக்குக் கொண்டுவந்த மக்கள் நீங்கள். மெஸ்கெட்டியர் போய் எண்பது வருடம்தான் ஆகிறது, அவர்களில் சிலர் உயிரோடு இருக்கிறார்கள்.

அவர்களிலிருந்து தொடங்குங்கள் என்பதே என் முதல் வேண்டுகோள். 1944-ல் பத்து வயதாக இருந்தவர் இன்று தொண்ணூறைக் கடந்தவர். மெஸ்கெட்டியில் பிறந்து நாடு கடத்தப்பட்டவர் எவரும் கேட்ட உடனேயே, வேறு குடியுரிமையைத் துறக்காமலே, ஜார்ஜியக் குடியுரிமை பெற ஒரு தனி வழி வேண்டும். அவர்கள் பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் 2007 சட்டத்தைக் கடைசித் தேதி இல்லாமல் மறுபடி திறந்துவிடுங்கள். விண்ணப்பத்தை ருஷ்யன், துருக்கியம், அஜர்பைஜானி மொழிகளிலும் ஏற்றுக்கொள்ளுங்கள். நாடு கடத்தலுக்கான சான்றை அந்த முதியவர்களிடம் கேட்காதீர்கள். பெயர்ப் பட்டியல்களைத் தேட வேண்டிய இடம் உள்நாட்டு அமைச்சகத்தின் பழைய காப்பகங்கள், தேடும் வேலை அரசின் வேலை. வந்தவர்களுக்கு ஜார்ஜிய மொழி கற்றுத்தர அகால்ட்சிகேயில் வகுப்புகள் வேண்டும். மொழி இல்லாமல் வந்து ஒதுங்கி வாழ்வதை அவர்களும் விரும்பவில்லை.

பள்ளிப் பாடப் புத்தகங்களில் 1944 நவம்பருக்கு ஒரு முழுப் பாடம் இருக்கட்டும். அகால்ட்சிகே மாணவர்கள், ஆர்மீனியரும் ஜார்ஜியரும், தங்கள் ஊரின் கதையை அரசாங்கப் புத்தகத்திலேயே படிக்கட்டும், இல்லாவிட்டால் வதந்தியில்தான் படிப்பார்கள். ராபாத்தி கோட்டையை 2012-ல் புதுப்பித்து மசூதியின் குவிமாடத்துக்குப் பொன் நிறம் பூசினீர்கள், சுற்றுலாப் பயணிகள் குவிகிறார்கள். அந்த மசூதியில் கடைசியாகத் தொழுத தலைமுறை எங்கே போனது என்று எழுதிய ஒரு பெரிய பலகை அங்கே வேண்டும், கிராமம் கிராமமாகப் பெயர்களோடு. வாலே பாதையின் ரயில் நிலையங்களிலும் வேண்டும். கிராமங்களின் ஓரத்தில் புதர் மூடிக்கிடக்கும் பழைய முஸ்லிம் இடுகாடுகளைச் சுத்தம் செய்து வேலி போடுங்கள், யாராவது தாத்தாவின் கல்லறையைத் தேடி வந்தால் கண்டுபிடிக்க முடிய வேண்டும். இதற்கெல்லாம் பெரிய செலவு ஆகாது.

இந்த மடலின் ஜார்ஜிய மொழிபெயர்ப்பை உங்கள் மனித உரிமைக் குழுவுக்குத் தனியாக அனுப்புகிறேன். அடுத்த கூட்டத்தொடரில் சட்டத் திருத்தத்தை எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு முன் குழு உறுப்பினர்கள் ஒரு முறை சாத்லிக்குப் போய் வந்தால் நல்லது. திபிலீசியிலிருந்து அது அதிக தூரம் இல்லை. அடிகேனியில் பிறந்தவர்கள் அங்கே இன்னும் இருக்கும்போதே போங்கள்.

வணக்கத்துடன்,
திபிலீசியில் வாழும் ஒரு தமிழன்